பாடசாலைக் குழாயும் பொதுஜன சுகாதாரமும்

பொதுஜன சுகாதாரம் என்ற பேச்சு எழுந்த மாத்திரத்தில் நம்மவர் மனத்தில் தோன்றுவது ஆஸ்பத்திரிக் கட்டடமேயாகும். சட்டசபையில் ஓர் அங்கத்தினர் தமது தொகுதியின் சுகாதாரக் குறைகளை எடுத்துரைக்க எழுந்தால், அவர் கேட்பவை படுக்கைகள், வைத்தியர்கள், ஊடுகதிர் யந்திரங்கள் முதலியவைகளே. மந்திரியும் எத்தனை படுக்கைகள் கூட்டப்பட்டன, எத்தனை கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது என்று கணக்குச் சொல்லி உட்காருகிறார். இரு தரப்பாரும் திருப்தி அடைகின்றனர். ஆஸ்பத்திரிகள் வேண்டுமென்பதில் நமக்கு யாதொரு ஆக்ஷேபமும் இல்லை. ஆனால் ஒரு சாதாரண மனிதன் தன் ஆயுளில் ஆஸ்பத்திரியில் கழிக்கும் நாட்கள் எத்தனை? விரல்விட்டு எண்ணிவிடலாம். குழந்தையோ வருஷத்தில் இருநூறு நாட்களுக்கு மேல் பாடசாலையில் இருக்கிறது. ஜவுளிக்கடைச் சிப்பந்தி காலையில் கடை திறக்கும்போது உள்ளே சென்று இரவு கடை அடைக்கும்போது வெளியே வருகிறாள். ஆலைத் தொழிலாளி தன் வாலிபம் முழுவதையும் ஒரே கொட்டகையில் கழித்துவிடுகிறான். தேகம் உருவாவதும் கெடுவதும் அவ்விடங்களிலேதான். ஆஸ்பத்திரிக்கு வருவது அங்கே பல வருஷங்களாக வளர்ந்த நோய்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமன்று. தேசத்திலேயே முதன்முதலாகப் பொதுஜன சுகாதாரத்துக்கென்று ஒரு முழுச் சட்டம் செய்தது சென்னை மாகாணந்தான். அச்சட்டம் 1939ஆம் வருஷத்தியது. 1943ஆம் வருஷம் நியமிக்கப்பெற்று 1946ஆம் வருஷம் அறிக்கை சமர்ப்பித்த போர் கமிட்டியில் நமது டாக்டர் ஆ. லக்ஷ்மணசாமி முதலியாரும் ஓர் அங்கத்தினர். நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடு நில்லாமல் அது வராமற் காக்கும் வேலையையும் சர்க்கார் ஒருங்கே நடத்தவேண்டுமென்று அக்கமிட்டி சொல்லிற்று. பின்னர் 1986ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் கானடா தேசத்து ஒட்டாவா நகரில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவில் கூடிய மகாநாடு, ஜனங்கள் அன்றாடம் கற்கும் இடங்களையும் உழைக்கும் இடங்களையும் வசிக்கும் இடங்களையும் சீர்ப்படுத்துவதே சுகாதாரத்துக்கு அஸ்திவாரம் என்று உலகத்துக்கு அறிவித்தது. அதிலிருந்து ஆரோக்கியப் பாடசாலை, ஆரோக்கியத் தொழிலகம், ஆரோக்கிய ஆஸ்பத்திரி என்ற இயக்கங்கள் பல தேசங்களில் கிளைத்தன. மகாநாடுகளின் தீர்மானங்களை இங்கே விஸ்தரிக்க நாம் விரும்பவில்லை. நம் ஊர்ச் சமாசாரமே நிரம்பக் கிடக்கிறது.

ஒட்டாவா மகாநாட்டுக்கு அறுபத்தாறு வருஷங்களுக்கு முன்பே சென்னை நகரசபை அந்த உண்மையைச் சோற்றின் மூலம் உணர்ந்திருந்தது. ஸர் பி. தியாகராய செட்டியார் தலைமையில் 1920ஆம் வருஷத்தில் நகரசபை கூடி, ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள தன் பாடசாலையில் பிள்ளைகளுக்கு மத்தியானத்தில் ஆகாரம் அளிப்பதென்றும், தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவு செய்வதென்றும் தீர்மானித்தது. ஏழைப் பிள்ளைகள் பாடசாலைக்கு வரத்தொடங்கினர், ஹாஜர் ஏறிற்று. வேறு சில பாடசாலைகளுக்கும் ஏற்பாடு பரவிற்று. அப்பால் நடந்தது கவனிக்கத்தக்கது. ஆரம்பக் கல்வி நிதி கல்விக்காக ஏற்பட்டது, அதிலிருந்து சோற்றுக்குச் செலவெழுத இடமில்லை என்று அக்காலத்து அந்நிய சர்க்கார் ஆக்ஷேபித்தது. அதன் பேரில் 1925ஆம் வருஷம் அந்த ஏற்பாடு நின்றுபோயிற்று. பசித்த குழந்தைக்குச் சோறு போடுவது கல்விச் செலவா, தர்மச் செலவா என்று கணக்கதிகாரிகள் தர்க்கம் செய்து தீர்ப்பதற்குள் குழந்தையின் வயிறு என்னவாயிற்று என்று கேட்பாரில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு ஸ்ரீ காமராஜர் 1956ஆம் வருஷத்தில் அத்திட்டத்துக்குப் புத்துயிர் அளித்தார். ஸ்ரீ எம். ஜி. ராமச்சந்திரன் 1982ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். அக்காலத்தில் இதனால் கஜானா காலியாகிவிடுமென்று கைபிசைந்தவர்கள் உண்டு. 2001ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு, எல்லா ராஜ்யங்களும் ஆரம்பப் பாடசாலைகளில் சமைத்த உணவு அளிக்கவேண்டுமென்று உத்தரவிட்டபோது, நமது ராஜ்யம் ஏற்கெனவே வகுத்திருந்த பாதையில்தான் தேசம் முழுவதும் நடக்க நேர்ந்தது. 2022ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் மதுரையில் காலைச் சிற்றுண்டித் திட்டம் ஆரம்பமாகி, மறு வருஷம் 31,008 சர்க்கார் பாடசாலைகளுக்குப் பரவிற்று. வெறும் வயிற்றோடு வந்து முதல் மணிப் பாடத்தில் சுருண்டு விழுந்த குழந்தைகளை அறிந்த எந்த உபாத்தியாயரும் இதன் மதிப்பை அறிவார். கட்சிகள் மாறினும் இத்திட்டம் மாறாமல் வளர்ந்ததற்குக் காரணம் தாய்மார்கள். எந்த மந்திரிசபையும் அவர்களை எதிர்த்துப் பாடசாலை அடுப்பை அணைக்கத் துணியவில்லை.

ஆயினும் உப்புமாவை உண்டபின் குழந்தைக்குக் கைகழுவத் தண்ணீர் வேண்டும். குடிக்கத் தண்ணீர் வேண்டும். சிறிது நேரம் கழித்து மறைவிடம் வேண்டும். இங்கேதான் நமது பெருமை சற்றுத் தலைகுனிகிறது. பாடசாலைகளில் கக்கூசுகள் இல்லையென்று நாம் சொல்லவரவில்லை. கட்டடங்கள் உண்டு, கல்வெட்டும் உண்டு, திறந்துவைத்தவர் பெயர் அதில் நன்றாக வாசிக்கும்படி பொறிக்கப்பட்டிருக்கிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, தொட்டியில் தண்ணீர் உண்டா, அன்று காலை யாரேனும் கழுவினார்களா என்பவையே கேள்விகள். பெண்பிள்ளைகளைப் பெற்ற எந்தத் தாயை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். காலையில் மகள் கொண்டுபோன தண்ணீர்ப் புட்டி சாயங்காலம் அப்படியே திரும்பி வருவதைச் சொல்வாள். தண்ணீர் குடித்தால் போகவேண்டியிருக்கும், போகுமிடம் போகத்தக்கதாயில்லை, ஆகையால் குடிப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி தானாகவே கண்டுபிடித்துக்கொண்ட தந்திரம் இது. இதன் பயன் சிறுநீர்க் குழாய் அழற்சி, மலச்சிக்கல், தலைவலி. மாதவிலக்கு நாட்களில் பாடசாலைக்கே வராமல் நின்றுவிடுவதும் உண்டு. வைத்தியரிடம் போனால் அவர் மருந்து கொடுத்து, நிறையத் தண்ணீர் குடி என்று புத்தி சொல்லி அனுப்புகிறார். புத்தி கேட்ட குழந்தை மறுநாள் அதே பாடசாலைக்குத்தான் போகிறது.

இதில் விநோதம் என்னவெனில், அதே பாடசாலையில் அதே குழந்தை சுகாதாரப் பாடம் படித்து முழு மார்க்கும் வாங்குகிறது. கைகளை எவ்விதம் கழுவவேண்டும், எத்தனை தடவை தேய்க்கவேண்டும் என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். சுவரில் சித்திரமும் தீட்டியிருக்கிறார்கள். சித்திரத்துக்குக் கீழே இருக்கும் குழாயைத் திருகினால் காற்றுத்தான் வருகிறது. பாடசாலையில் குழந்தை கற்கும் பாடங்களில் புஸ்தகத்திலுள்ளது ஒன்று, சுவரும் குழாயும் கதவும் கற்பிப்பது மற்றொன்று. இரண்டும் முரண்பட்டால் குழந்தை எதை நம்பும்? பெரியவர்கள் சொல்வது ஒன்று, செய்வது வேறு என்பதையே அது முதலில் கற்றுக்கொள்ளும். சுகாதாரப் பிரசாரத்துக்கென்று செலவாகும் பணத்தில் ஒரு பங்கைக் குழாய்ச் சாமான்களுக்குத் திருப்பினால் பிரசாரம் தானே நடக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

மலையாள நாட்டார் இவ்விஷயத்தில் ஓர் எளிய உபாயம் செய்தார்கள். 2019ஆம் வருஷத்தில் கேரளப் பாடசாலைகளில் தண்ணீர் மணி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அம்மணி அடித்தால் பிள்ளைகள் எல்லோரும் பாடத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கவேண்டும். அண்டை ராஜ்யங்கள் சிலவும் இதைக் கைக்கொண்டன. காசு செலவில்லாத ஏற்பாடு. நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் தண்ணீர் மணி அடிக்கும் பாடசாலையில் சற்று நேரம் கழித்து வேறொரு மணியும் அடிக்கவேண்டுமல்லவா? அதற்கு வேண்டிய கதவும் தாழ்ப்பாளும் முதலில் சரிசெய்யப்படவேண்டும்.

கக்கூசைக் கழுவுவது யார் என்று கேட்டால், 1925ஆம் வருஷத்துக் கணக்கதிகாரிகள் இன்னும் ஓய்வுபெறவில்லை என்பது விளங்கும். கட்டடம் ஓர் இலாகாவின் பொறுப்பு. தண்ணீர் ஊராட்சியின் பொறுப்பு. உபாத்தியாயர் கல்வி இலாகாவின் சிப்பந்தி. கழுவுகிறவருக்கோ சொற்பக் கூலி. அதுவும் எந்த மாதத்தில் எவர் கையிலிருந்து வருமென்பது நிச்சயமில்லை. ஆகவே தலைமை உபாத்தியாயர் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்கிறார். அல்லது ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளை ஏவுகிறார். எந்தச் சாதிப் பிள்ளைகள் ஏவப்படுகிறார்கள் என்பதை நாம் எழுதித்தான் நேயர்கள் அறியவேண்டுமென்பதில்லை. இது சுகாதாரக் குறை மாத்திரமன்று, வெட்கக்கேடும் ஆகும். 1901ஆம் வருஷம் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குச் சென்றிருந்த காந்தியடிகள், பிரதிநிதிகளின் கக்கூசுகள் நாறக் கண்டு, கேட்பாரின்மையால் தாமே துடைப்பம் எடுத்துக் கழுவினார். அதைப் பாடப் புஸ்தகத்தில் அச்சிட்டுப் பிள்ளைகளுக்குப் போதிக்கும் நாம், அவ்வேலைக்கு மாதச் சம்பளமும் கையுறையும் கொடுத்து ஒருவரை ஒழுங்காக நியமிக்கத் தயங்குகிறோம்.

பாடசாலையின் வாசலுக்கு வெளியே நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கல்வி ஸ்தாபனங்களுக்கு நூறு கஜ தூரத்துக்குள் புகையிலைச் சாமான் விற்கலாகாதென்று 2003ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பாடசாலைக்குள்ளும் அதன் வாசலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள்ளும் விற்பதை 2020ஆம் வருஷத்து விதிகள் தடுக்கின்றன. நூறு கஜத்தையும் ஐம்பது மீட்டரையும் அளந்து பார்ப்பவர் யாரென்பதே நாம் அறிய விரும்புவது. பெட்டிக்கடைக்காரர் மேல் நமக்குக் கோபமில்லை. அவருக்கும் வயிறு இருக்கிறது. கடையை நூறு கஜம் தள்ளி வைத்துக்கொள்ள நகரசபை ஓர் இடம் காட்டினால் சட்டமும் பிழைக்கும், அவரும் பிழைப்பார்.

இனித் தொழில் ஸ்தலங்களைப் பார்ப்போம். பண்டிகைக் காலத்தில் நமது நகரங்களின் பெரிய ஜவுளிக்கடைகளுக்குச் செல்லாத குடும்பம் இராது. அடுக்கடுக்காகப் புடைவைகளை விரித்துக் காட்டும் பெண்கள் எத்தனை மணி நேரமாக நிற்கிறார்கள் என்று எந்தக் குடும்பமாவது கேட்டதுண்டா? வாங்க வந்தவர் அமர்வதற்கு நாற்காலியும் பருகுவதற்குப் பானமும் உண்டு. காட்டுகிறவளுக்குச் சுவரில் சாயவும் அநுமதி இல்லை. கால் நரம்புகள் புடைத்துப் போகின்றன. இடுப்பும் குதிகாலும் வலிக்கின்றன. கர்ப்பிணிகளின் கஷ்டம் சொல்லத்தரமன்று. பாடசாலையில் தண்ணீர் குடியாமலிருக்கப் பழகிய சிறுமி இங்கும் அதே வித்தையை அநுஷ்டிக்கிறாள். ஏனெனில் கடை ஏழு மாடியாயினும் சிப்பந்திகளின் கக்கூசு ஒரு மாடியில்தான். போய்வரும் நிமிஷங்களுக்கும் கணக்கு உண்டு.

கோழிக்கோட்டில் தையற்காரியான ஸ்ரீமதி விஜியின் தலைமையில் பெண்கூட்டு என்ற ஸ்திரீகள் சங்கம் இக்கொடுமையை எதிர்த்துப் பல வருஷங்கள் போராடிற்று. உட்காரும் உரிமைக்காக ஒரு கிளர்ச்சி நடத்தவேண்டி வந்ததே என்று எண்ணுங்கால் நாகரிகத்தைப் பற்றி நாம் பேசும் பெருமைகளெல்லாம் சற்று அடங்குகின்றன. அதன் பயனாக 2018ஆம் வருஷத்தில் கேரள சர்க்கார் கடைகள் சட்டத்தைத் திருத்தி அவ்வுரிமையை அளித்தது. நமது சட்டசபையும் 1947ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் திருத்தி, வேலைக்கிடையில் கிடைக்கும் ஓய்வில் சிப்பந்திகள் அமரும்படி ஒவ்வொரு கடையிலும் ஆசனம் இருக்கவேண்டுமென்று விதித்தது. தொழிற்சாலைகளுக்கு இது 1948ஆம் வருஷத்திலேயே சட்டமாயிருந்தது. 2025ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பும், நின்று வேலை செய்வோர்க்கு உட்காரும் வசதியை அதன் ஏற்பாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு அந்த முக்காலி கிடைக்க எழுபத்துமூன்று வருஷங்கள் அதிகப்படியாகச் சென்றன.

முக்காலி வந்துவிட்டதா? பல கடைகளில் வந்திருக்கிறது. அதன்மேல் புடைவைப் பெட்டிகள் அமர்ந்திருக்கின்றன. உட்காரக் கூடாதென்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மேற்பார்வையாளர் ஒரு பார்வை பார்த்தால் போதும். சட்டம் ஆசனத்தைக் கொடுக்கலாம். உட்காரும் தைரியத்தைச் சங்கமும் வாடிக்கைக்காரரும் கொடுக்கவேண்டும். சிப்பந்தி உட்கார்ந்திருந்தால் கடைக்கு மரியாதைக் குறைவென்று முதலாளிகள் கருதுகிறார்களாம். யார் கண்ணுக்கு மரியாதைக் குறைவு? நம் கண்ணுக்குத்தான். வாடிக்கைக்காரராகிய நாம், நீ உட்கார்ந்தே காட்டம்மா என்று ஒரு வார்த்தை சொல்லக் கற்றுக்கொண்டால், இன்ஸ்பெக்டர்கள் நூறு பேர் செய்யாத காரியம் நடந்துவிடும்.

சர்க்கார் 2021ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கிருஷ்ணகிரி ஜில்லாவிலுள்ள சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தை ஆரம்பித்தது. வீடுதோறும் சென்று நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து கொடுப்பது அதன் நோக்கம். 2024ஆம் வருஷத்தில் அதைத் தொழில் ஸ்தலங்களுக்கும் கொண்டுசென்று தொழிலாளரை அங்கேயே பரிசோதிக்க ஏற்பாடு செய்தது. இது புகழத்தக்க காரியமே. வேலைநாளில் அரைநாள் கூலியை இழந்து ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாதவன் தன் நோயை அறிய வேறு வழியில்லை. இந்திய வைத்திய ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் வருஷத்தில் வெளியான பெரிய ஆராய்ச்சியின்படி, தேசத்தில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர். இரத்த அழுத்தம் மிகுந்தவர்கள் 31.5 கோடிப் பேர். இவ்வளவு பேருக்கும் மாத்திரை கொடுப்பதென்றால் மாத்திரைக்கு முடிவே இராது.

ஆகையால் அளவெடுப்பதோடு நிற்கலாகாதென்று நாம் வற்புறுத்துகிறோம். தொழிலாளியின் கையில் பட்டையைக் கட்டி இரத்த அழுத்தத்தை அளக்கிறார்கள். உப்பைக் குறை, நன்றாகத் தூங்கு, கவலைப்படாதே என்கிறார்கள். பரிசோதனை நடந்த அதே கட்டடத்தின் உணவுச்சாலையில் அப்பளமும் ஊறுகாயும் எண்ணெய்ப் பலகாரமுமே மலிவு. இரவு முறையும் பகல் முறையும் வாரத்துக்கொரு தடவை மாறுகின்றன. அதிகப்படி நேரம் வேலை செய்தாலன்றிக் குடும்பம் நடவாது. தூக்கம் எங்கிருந்து வரும்? உணவுச்சாலையின் சமையற்காரரை அழைத்து உப்பையும் எண்ணெயையும் பற்றி ஒரு மணி நேரம் பேசுவது, ஆயிரம் தொழிலாளருக்குத் தனித்தனியே உபதேசம் செய்வதைவிடச் சுலபம். தூத்துக்குடி உப்பளங்களில் உச்சிவெயிலில் நின்று உப்பு வாருவோரிடம் வெயிலில் நிற்காதீர்கள் என்று சொல்வதும் இவ்வகை உபதேசந்தான். அவர்களுக்கு வேண்டியவை நிழற்கொட்டகை, குடிநீர், கக்கூசு, வெயில் ஏறுமுன் வேலை முடியும்படியான நேர ஒழுங்கு. வெப்ப அலையை ராஜ்யத்தின் பேரிடர்களில் ஒன்றாக நமது சர்க்கார் 2024ஆம் வருஷத்தில் அறிவித்திருக்கிறது. இறந்தபின் உபகாரத் தொகை கொடுக்கும் பிரிவோடு அவ்வறிவிப்பு நின்றுவிடாமல், கொட்டகை போடும் பிரிவுக்கும் வரவேண்டும்.

மனிதன் தன் தேகத்தைத் தானே காத்துக்கொள்ளவேண்டும், சர்க்காரும் முதலாளியும் எதற்கு என்று கேட்பவர்கள் உளர். நாவை அடக்காதவனுக்கு நோய் வருவது நியாயந்தானே என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அடக்கத்தை உபதேசித்தே ஒரு தேசம் ஆரோக்கியம் அடைந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. பின்லாந்து தேசத்தின் கீழ்ப்பகுதியாகிய வடகரேலியாவில் ஒரு காலத்தில் நடுவயது ஆண்கள் மாரடைப்பால் மடிந்துகொண்டிருந்தனர். 1972ஆம் வருஷத்தில் பெக்கா புஸ்கா என்ற இளம் வைத்தியர் தலைமையில் அங்கு ஒரு முயற்சி ஆரம்பமாயிற்று. அவர் ஜனங்களுக்குப் போதித்ததோடு நிற்கவில்லை. பால் பண்ணைகளோடும் ரொட்டி, மாமிசப் பண்டம் செய்வோரோடும் பேசி உப்பையும் கொழுப்பையும் குறைக்கச் செய்தார். ஊர்ப் பெண்கள் சங்கத்தைக் கொண்டு புதுவிதச் சமையலைப் பரப்பினார். புகைப்பதை விடுவதில் கிராமத்துக்குக் கிராமம் போட்டி வைத்தார். நாற்பது வருஷங்களில் அங்கு உழைக்கும் வயதுடைய ஆண்களில் இருதய நோயால் நேரும் மரணம் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குறைந்தது. பின்லாந்துக்காரர் நாவை அடக்குவதில் நம்மினும் சிறந்தவர்கள் என்று சொல்வதற்கில்லை. அவர்களைச் சுற்றியிருந்த கடையும் சமையலறையும் மாறின.

கடைசியாக ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியும் ஓர் அன்றாட இடமே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நோயாளிக்கு அது சில நாள் தங்குமிடம். தாதியருக்கும் துப்புரவுத் தொழிலாளருக்கும் ஆயுட்கால வேலை ஸ்தலம். உடன் வந்த உறவினருக்கோ தாழ்வாரத்துத் தரையில் பாய்விரித்த வீடு. ஆஸ்பத்திரியே நோயைக் கொடுக்கக்கூடும் என்பதை 1847ஆம் வருஷத்தில் வியன்னா நகரில் இக்னாஸ் ஸெம்மல்வைஸ் என்ற வைத்தியர் காட்டினார். பிரேதப் பரிசோதனை செய்த கையோடு வைத்தியர்கள் பிரசவம் பார்த்த பகுதியில் தாய்மார்கள் ஜன்னி கண்டு மடிந்தனர். அவ்வருஷம் ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இறந்தார்கள். குளோரின் சுண்ணாம்பு நீரில் கைகழுவியே உள்ளே வரவேண்டுமென்று அவர் கட்டளையிட்டபின், ஜூன் மாதத்தில் அது நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது. அக்காலத்து வைத்தியப் பெரியோர் பலர் அதை ஒப்பவில்லை. தங்கள் கை அசுத்தமென்று ஒருவன் சொன்னதை அவமானமாகக் கருதினர். இன்று எல்லா ஆஸ்பத்திரிகளிலும் கைகழுவும் முறை சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆனால் நோயாளியைத் தொட்டுத் தூக்கிக் குளிப்பாட்டி ஊட்டும் உறவினர் கைகழுவ எங்கே போவது என்று கேட்டுப்பாருங்கள். வார்டிலுள்ள தொட்டி தாதியருக்கானது. வெளியிலுள்ள குழாயில் சவர்க்காரம் கிடையாது.

உறவினரைத் தொந்தரவாகக் கருதி விரட்டுவதே பல இடங்களில் வழக்கமாயிருக்கிறது. இதற்கு மாறாக, 2004ஆம் வருஷம் முதல் நமது ராஜ்யத்து சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பிரசவ வேளையில் தாயுடன் ஒரு பெண் துணை இருக்க அநுமதித்தார்கள். முதலில் கூட்டம் பெருகும், ஒழுங்கு கெடுமென்று சிலர் அஞ்சினர். பிரசவ வேதனையில் தாயின் கையை அக்காள் பிடித்துக்கொண்டிருப்பதனால் எந்த ஒழுங்கும் கெடவில்லை. அவ்வநுபவத்தை மற்ற வார்டுகளுக்கும் கொண்டுபோகலாமே. பத்து நாள் நோயாளியின் அருகில் இருக்கும் உறவினர், நீரிழிவுக்காரரின் பாதத்தை எவ்விதம் பரிசோதிப்பது, படுத்திருப்பவரை எவ்விதம் புரட்டுவது, எந்த ஆகாரம் எவ்வளவு என்பதைத் தாதியிடமிருந்து கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பினால், ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் அரைத் தாதி கிடைப்பாள். அதற்குத் தாதிக்கு நேரம் வேண்டும். நேரத்துக்கு ஆள் வேண்டும். இரண்டு வார்டுகளை ஒருத்தி தலையில் கட்டிவிட்டுப் புன்னகையோடு போதிக்கச் சொல்வது அநியாயம். ஆஸ்பத்திரியின் வாசலிலேயே வெந்த எண்ணெயில் போண்டா மிதப்பதையும், உள்ளிருக்கும் சிற்றுண்டிச்சாலையும் அதற்குப் போட்டியிடுவதையும் பற்றி நாம் அதிகம் சொல்லவில்லை. நீரிழிவுப் பிரிவில் சீட்டு வாங்கியவர் அங்கேதான் காபி அருந்துகிறார், சர்க்கரை தூக்கலாக.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2019 முதல் 2021 வரையான காலத்தில் நமது ராஜ்யத்தில் பிள்ளை பெறும் வயதிலுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தச்சோகை இருந்தது. பாடசாலைச் சிறுமியும் ஜவுளிக்கடைப் பெண்ணும் பிரசவ வார்டுத் தாயும் வெவ்வேறு ஸ்திரீகளல்லர். அநேகமாக ஒரே பெண்ணின் மூன்று பருவங்கள். மூன்று இடங்களும் மூன்று இலாகாக்களின் கீழ் இருக்கின்றன. அவளுடைய இரத்தத்துக்கு எந்த இலாகாவும் பொறுப்பில்லை.

சர்க்கார் செய்யத்தக்கது இது. ஒவ்வொரு பாடசாலைக்கும் தண்ணீர், கக்கூசு, உணவு இவற்றுக்கு ஒருவர் பெயரைக் குறிப்பிட்டுப் பொறுப்பாக்கவேண்டும். பல இலாகாக்களின் பணத்தை அவர் கையில் ஒன்றாகக் கொடுக்கவேண்டும். வாசலில் ஒரு பலகை வைத்து, குழாய் எத்தனை, தண்ணீர் வருவது எத்தனை, தாழ்ப்பாளுள்ள கதவு எத்தனை, கடைசியாகப் பழுது பார்த்த தேதி என்ன என்று எழுதிவைத்தால், பெற்றோர் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள். கடை இன்ஸ்பெக்டர் வரும்போது முக்காலியை எண்ணுவதோடு நில்லாமல், அதில் உட்கார்ந்திருப்பவரையும் எண்ணிக்கொண்டு போகவேண்டும். சிப்பந்தியைத் தனியே விசாரிக்கவும் வேண்டும். முதலாளியின் முன்னிலையில் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். ஆஸ்பத்திரிகளில் உறவினருக்கென்று வார்டுக்கு ஒரு கைகழுவும் தொட்டியும் இரவில் படுக்க ஒரு கொட்டகையும் கட்டுவதற்கு மகாநாடு கூட்டவேண்டியதில்லை. இவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு புதிய ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் முகப்பு அலங்காரத்துக்கு ஆவதைவிட அதிகமிராது என்பது நமது மதிப்பு. திறப்புவிழா நடத்துவதற்கு மட்டும் இவை ஏற்றவையல்ல. தாழ்ப்பாளைத் திறந்துவைக்க எந்த மந்திரியும் வரமாட்டார்.

பாடசாலைகள் ஜூன் மாதத்தில் திறக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் வகுப்புகள் காலியாயிருக்கின்றன. தொட்டிகளைக் கழுவவும் குழாய்களை மாற்றவும் அதைவிட நல்ல சமயம் கிடையாது. கோடை விடுமுறை விட்ட மறுநாளே குழாய்க்காரரையும் தச்சரையும் ஒவ்வொரு பாடசாலைக்கும் அனுப்பும்படி ஜில்லாக் கலெக்டர்களுக்கு இப்போதே உத்தரவு போகட்டும். கூலியை வேலை முடிந்த அன்றே கொடுக்கும்படி அதே உத்தரவில் ஒரு வரி சேர்க்கட்டும்.